பொழிக்கரைத் தாழம்புதரில் ஒன்றரை மணி நேரம்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரமனை ஆறு கடலில் விழும் இடத்தில் மணல் சேர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பொழி என்று பேர். மழைக்காலத்தில் அந்த மணல்மேட்டை உடைத்துத் தண்ணீரைக் கடலுக்குள் விடுவார்கள். அப்படி உடைப்பதற்கு முன்னால் கடலுக்கு ஓர் ஆளைக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. நாற்பத்தெட்டு வயதில், சர்க்கார் கச்சேரியில் ஹெட் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியும் வெள்ளிச் சங்கிலிக் கடிகாரமுமாக நம்பினேன். இதைவிட வெட்கம், அந்தக் கதையில் பாதி நானே கட்டியது.

மற்றப் பாதி ஆரியசாலையில் மிளகு மண்டி வைத்திருந்த ஒரு நாஞ்சில்நாட்டுப் பிள்ளையுடையது. "கடல் சும்மா வழி விடுமா வேய்? ஆள் கேக்கும்" என்று ஒரு நாள் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உடைக்கிற அன்றைக்குப் பித்தளைச் செம்பு நிறையச் சிவப்பாக எதையோ ஏந்திக்கொண்டு வருவார்களாம். அவருடைய தகப்பனார் கண்ணால் பார்த்திருக்கிறாராம். இவ்வளவுதான் அவர் சரக்கு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் மசாலா சேர்த்தேன்.

சேர்த்ததற்குக் காரணம் என் மைத்துனன் கிட்டு. ஆடி அமாவாசைக்குத் திருவல்லத்தில் தர்ப்பணம் செய்ய வேண்டுமென்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்தான். முப்பத்திரண்டு வயது, நல்ல கனத்த சரீரம், கட்டுக்குடுமி, காதில் கடுக்கன். எதைச் சொன்னாலும் நம்புவான். ஆறு கடலில் கலப்பதை அவன் பார்த்ததில்லை. காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது எடுத்துவிட்டேன்: ஆளைப் பிடித்ததும் அடிக்கமாட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரிப்பார்கள். இரண்டு பேராகப் போனால் பிடிபட்டவனை விட்டே மற்றவனைக் கூப்பிடச் சொல்வார்கள். குடுமியும் கடுக்கனும் இருந்தால் கடலுக்கு விசேஷப் பிரியம். கிட்டுவின் கையில் இருந்த ரசம் சாதம் அப்படியே நின்றது.

"அவனைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்தறேள்? உங்களுக்கும் ஒரு நாள் வரும், கேட்டேளா" என்றாள் என் மனைவி. மறுநாளே வந்துவிட்டது.

காலை ஐந்து மணிக்குக் கரமனையிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் புறப்பட்டோம். திருவல்லம் சுமார் மூன்று மைல். வண்டிக்கூலி திருவிதாங்கூர்க் காசில் ஆறு சக்கரம். ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. வழியெல்லாம் செம்மண் குழம்பு. மாடு காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு தரமும் சப்பென்று ஒரு சத்தம். ஆறரைக்குச் சேர்ந்தோம். ஆற்றங்கரையில் தலை மேல் தலையாகக் கூட்டம். தர்ப்பணம் முடித்து, கோயிலுக்கு அருகில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது மணி ஒன்றரை. அங்கிருந்து பொழிக்கு இரண்டு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். வண்டி போகாது, கால்நடைதான்.

போகாதவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். முதல் அரை மைல் இரு பக்கமும் ஆள் உயர மண்சுவர் வைத்த ஒடுங்கிய சந்துகள். ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் சுவரோடு பல்லிபோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு தென்னந்தோப்புகள், தேங்காய் மட்டையை ஊறப்போட்ட குழிகளிலிருந்து குடலைப் பிடுங்கும் நாற்றம். கயிறு திரிக்கும் பெண்கள் ராட்டையை நிறுத்தாமலே எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தோடு என்று அங்கே சொல்லும் ஒரு வாய்க்காலுக்குக் குறுக்கே தென்னைமரத்தைப் போட்டுப் பாலம் என்று பேர் வைத்திருந்தார்கள். கிட்டு அதை உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தான். நான் அவனைக் கேலி செய்துவிட்டு, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்ட சமயம் பார்த்து அதே மாதிரி கடந்தேன். அதற்கப்பால் தோணி, ஆளுக்கு அரைச் சக்கரம்.

தோணி இறங்கியதும் வயல்கள் வந்தன. வயல்கள் என்று எனக்குத் தெரிந்ததே வரப்பு ஒன்று நீளமாகப் போனதால்தான். மற்றபடி கண்ணுக்கெட்டிய மட்டும் கலங்கிய தண்ணீர். அதில் நெற்கதிரின் நுனிகள் மட்டும் ஈரத்தலையில் நிற்கும் மயிர் மாதிரி வெளியே தெரிந்தன. பொழி அடைத்திருந்ததால் ஆறு திரும்பி வயலில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மூன்று மணி. வரப்பில் ஒரு பெண் எங்களுக்கு எதிரே வந்தாள். நாற்பது வயதிருக்கும், இடுப்பு வரை சேறு. கையில் ஒரு பிடி கதிர். எங்களுக்கு வழிவிட்டு அவள் தண்ணீரில் இறங்கி நின்றாள். என் கடிகாரச் சங்கிலியைப் பார்த்து, "சாமி, மணி எத்ர ஆயி?" என்று கேட்டாள். நான் சற்று அலங்காரமாகவே எடுத்துப் பார்த்துச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். பேர் தங்கம்மை என்றும், பத்துப் பறை நெல் விதைக்கிற இந்த வயல் அவள் குத்தகைக்கு எடுத்தது என்றும் பேச்சில் தெரிந்தது. இன்றைக்கு அமாவாசை, கடல் நன்றாக இறங்கும். அந்தி சாயுமுன் பொழியை முறித்துவிடுவார்கள். இன்று தண்ணீர் வடிந்தால் நெல் தப்பும், இல்லையென்றால் கதிரிலேயே முளைத்துவிடும் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். மணல்மேட்டில் நிற்க வேண்டாம், பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடுங்கள், முறிந்தால் பக்கத்து மணலெல்லாம் சேர்ந்து போகும் என்று.

மலையாளம் எனக்குத் தாய்மொழி மாதிரி. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. கிட்டுவுக்குப் பாதிகூடப் புரியவில்லை.

"என்ன சொல்றா அத்திம்பேர்?"

இந்த வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. "குடுமி வச்சவா யாராவது இந்தப் பக்கம் வராளான்னு விசாரிக்கறா" என்றேன்.

கிட்டு மேல்துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். நான் மனசுக்குள் சிரித்தபடி நடந்தேன். அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதை அவனிடம் சொல்லவேயில்லை. நானும் மறந்துவிட்டேன்.

மூன்றே முக்காலுக்குப் பொழிக்கு வந்தோம். அழகாக இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இடது கையில் ஆறு, வலது கையில் கடல், நடுவில் அறுபது எழுபது அடி அகலத்துக்கு மணல். கடல் இரைந்தது. ஆறு ஒரு சத்தமும் போடவில்லை. கறுத்துப் பெருத்து, கடல் மட்டத்தைவிட ஓர் ஆள் உயரம் மேலே, விளிம்பு தளும்ப நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு அலை விழும்போதும் காலடியில் மணல் லேசாக அதிர்ந்தது. நடுவில் யாரோ முழங்கால் ஆழத்துக்குச் சால் தோண்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆற்றுப் பக்கம் இரண்டு முழம் மட்டும் தோண்டாமல் விட்டிருந்தது.

நான் ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தேன். அது வராமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது கிட்டுவின் கால் பிசகியது. "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டான். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. இரண்டு தரம் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

அப்போது கிழக்குக் கரையிலிருந்து, "பூ...ய்" என்று ஒரு கூவல்.

வடக்கே தோப்புக்குள்ளிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. இந்த ஊரில் வயலுக்கு வயல், கரைக்குக் கரை ஆளைக் கூப்பிட அப்படித்தான் கூவுவார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். ஆனால் அன்றைக்கு அது என் முதுகெலும்பில் மேலிருந்து கீழே ஈர விரலால் தடவினாற்போல் இருந்தது. எட்டு ஆட்கள் தோப்பைவிட்டு வெளியே வந்தார்கள். தோளில் மண்வெட்டி. கையை வீசி வீசிக் கூவிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் மட்டும் ஓடவில்லை. இரண்டு கையாலும் ஒரு பித்தளைச் செம்பைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். விளிம்பில் தளும்பியது சிவப்பு.

"அத்திம்பேர்... நீங்க சொன்னேளே..." என்றான் கிட்டு.

விளையாட்டுக்குச் சொன்னேனடா என்று சொல்லத்தான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் கால்கள் நாற்பது கஜம் போய்விட்டிருந்தன. உதவிக்கு ஆள் கூட்டிவரப் போனேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன்: அவனை விட்டுவிட்டு ஓடினேன். குடையைப் போட்டேன், ஒரு செருப்பைப் போட்டேன், மணல்மேட்டில் கோட்டை மாதிரி வளர்ந்திருந்த தாழம்புதருக்குள் நாலு காலில் நுழைந்தேன்.

மணி நாலு ஐந்து.

தாழை மடலின் இரு ஓரமும் ரம்பம். உள்ளே போனபோது தெரியவில்லை. அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் முதுகு, தொடை, காது மடல் எல்லாம் எரிந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டை புத்தம் புதிதாகக் கிடந்தது. சட்டையைக் கழற்றினவர் தூரம் போயிருக்கமாட்டார். கடிகாரம் டிக் டிக்கென்று ஊரைக் கூட்டுவதுபோல் அடித்தது. அதைத் துண்டில் சுற்றி மணலில் புதைத்தேன். பிறகும் சத்தம் கேட்டது. அது என் நெஞ்சு.

மடல்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே பார்த்தேன்.

கிட்டுவைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் குனிந்து அவன் காலைப் பிடித்தான். ஒருவன் அரிவாளை உருவினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கிட்டு அண்ணாந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

நான் கட்டிய கதை அப்படியே நடக்கிறது. கச்சேரியில் பொய்க் கணக்கு எழுதினவன், அதே தொகை பெட்டியில் இருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. செம்பை மணலில் இறக்கி வைத்தார்கள். வாழையிலை விரித்து ஒரு தேங்காயும் சின்ன விளக்கும் வைத்தார்கள். கிட்டு ஏதோ சொல்லிக் கையை என் பக்கம் நீட்டினான். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டான்.

"அத்திம்பேரே! வெளியில வாங்கோ! ஒண்ணும் பண்ணமாட்டா!"

பிடிபட்டவனை விட்டே மற்றவனைக் கூப்பிடச் சொல்வார்கள். ராத்திரி ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் இதைச் சொன்ன வாயை இப்போது இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

அவர்கள் தேட ஆரம்பித்தார்கள். கம்பால் புதர்களைத் தட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் கூவிக்கொண்டு வந்தார்கள். ஒரு கம்பு என் தலைக்கு ஒரு முழம் தள்ளி உள்ளே வந்து, துழாவி, திரும்பிப் போயிற்று. சிற்றெறும்புகள் வேட்டிக்குள் ஏறின. சொறிந்துகொள்ளவில்லை. வெளியே போய்க் கிட்டுவுக்காக மன்றாட வேண்டும் என்று மூன்று தரம் தீர்மானம் செய்தேன். மூன்று தரமும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அக்காளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கி, 'அலை வந்தது' என்று ஒரு வாக்கியம்கூட மனசுக்குள் தயாரித்துவிட்டேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

புதருக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்று தர்க்கம் செய்தார்கள். அந்த ஆள் கடற்கரை வழியாக எப்போதோ போயிருப்பான், நேரம் போகிறது, முறித்துவிடலாம் என்றான் ஒருவன். அதற்கு மற்றவன், கனத்த குரல், ஒரே பேச்சாகச் சொன்னான்:

"ரெண்டாமத்தெ ஆளெக் காணாதெ முறிக்கான் பாடில்லா."

இரண்டாவது ஆள் கிடைக்காமல் முறிக்கக் கூடாது. அந்த இரண்டாவது ஆள், தாழம்புதருக்குள், ஸ்ரீராமஜெயம் சொல்ல ஆரம்பித்து நடுவில் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியாது. மடல்கள் விலகின. ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கனத்த குரல்காரர் இவர்தான். வேலாயுதன் என்று பேர். சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி கொண்டுவருகிறவராதலால் தமிழ் தெரியும். "சாமி, இதுக்குள்ளே பாம்பு உண்டு. வெளியே வரணும்" என்றார்.

நான் கும்பிட்டேன். "ஐயா, எனக்கு நீரிழிவு. நான் எதுக்கும் உதவமாட்டேன்" என்றேன். வியாதிக்காரனைக் கடல் ஏற்காது என்பது என் எண்ணம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீரிழிவுக்குத் தாழங்காடு மருந்தோ சாமி?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். வேட்டி பாதி புதரிலேயே நின்றுவிட்டது. ஒருவர் தம்முடைய துண்டைக் கொடுத்தார். கடிகாரத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். ஐந்து முப்பத்தைந்து. கிட்டு கணுக்காலில் பச்சிலைக் கட்டோடு, இரண்டாவது இளநீரோடு உட்கார்ந்திருந்தான். செம்பில் இருந்தது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். பகவதியை வேண்டிக்கொண்டு சாலில் அதை ஊற்றிவிட்டுத்தான் மண்வெட்டியை வைப்பார்களாம். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக் கல்யாணம் அதே தண்ணீரை ஆரத்தி என்று சுற்றிக் கொட்டுகிறோம். என் கல்யாணத்தில் எனக்கே சுற்றியிருக்கிறார்கள்.

நான் சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலாயுதன் அலை ஓரத்துக்குப் போய் ஈர மணலில் ஒரு குச்சியை ஊன்றினார். அடுத்த அலை குச்சியைத் தொட்டது. அதற்கடுத்தது தாண்டி ஏறியது. அவர் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து, "கடல் திரும்பிட்டு" என்றார். கடல் இறங்கும்போதுதான் முறிக்கலாமாம். ஏறும்போது முறித்தால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் போய்விடும். மண்வெட்டிகளை ஒவ்வொன்றாகத் தோளில் எடுத்தார்கள். விளக்கை ஒருவர் ஊதி அணைத்தார். செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

வரப்பில் பார்த்த தங்கம்மை கரையோரம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் கையிலும் காதிலும் ரத்தத்தைப் பார்த்து, பாம்பு ஏதும் கடித்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வயல் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டது எனக்கே காதில் விழவில்லை, திரும்பக் கேட்டேன்.

"கண்டம் நாளெயும் இவிடெத்தான் கிடக்கும், சாமி. ஆள் போயா வருமோ?" என்றாள். வயல் நாளைக்கும் இங்கேதான் கிடக்கும், போன ஆள் திரும்பி வருவானா என்று.

வேலாயுதன் தம் வள்ளத்தில் எங்களைத் திருவல்லத்துக்குக் கொண்டுவிட்டார். கூலி வாங்கமாட்டேன் என்றார். பாதித் தூரம் வரையில் கிட்டு காலைத் தடவிக்கொண்டு வந்தான். பிறகு, "அந்த அம்மா வரப்புல நெஜமா என்னதான் சொன்னா அத்திம்பேர்?" என்று கேட்டான். இந்தத் தடவை வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொன்னேன். அதற்குப் பிறகு கரமனை வரையில் அவன் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குப் புறப்படும்வரைக்கும் அதிகம் திறக்கவில்லை.

ஆறாம் நாள் தனியாகப் போனேன். குடையை விட்டுவிட்டேன், எடுத்துவரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். குடை வேலாயுதன் வீட்டுக் கூரை இறவானத்தில் பத்திரமாகச் செருகியிருந்தது. ஒற்றைச் செருப்பும் இருந்தது. நடந்ததை அவர் சொன்னார். பிறகு நானும் போய்ப் பார்த்தேன்.

அமாவாசை இரவே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கடல் இரண்டு நாள் அடங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பொழியை முறித்தார்கள். முழ அகலச் சால் அரை மணியில் ஆறாக விரிந்து, தாழம்புதர் இருந்த இடத்தை வேரோடு கொண்டுபோயிற்று. தங்கம்மையின் கண்டத்தில் தண்ணீர் வடிந்தபோது கதிர்கள் நின்றபடியே முளைவிட்டிருந்தன. நான் போன அன்று அவள் அதை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தாள்.